ஈட்டி மரத்துக்கு நிறம் சாட்சியல்ல

தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் வழங்கும் மரத்தை நிறத்தைக் காட்டித்தான் விற்கிறார்கள். ஊதா கலந்த கரும்பழுப்பும் அதில் ஓடும் கறுப்பு வரிகளும் யாரையும் மயக்கும். ஆனால் அதைவிட எளிதாக ஏமாற்றும் அடையாளம் வேறில்லை. சாயமேற்றிய தேக்கும் ரப்பர் மரமும் பாலிஷுக்குக் கீழே அதே அழகோடு மினுங்கும். அசல் ஈட்டியோ பொன்பழுப்பிலும் வரும், நாள்பட்ட வெளிச்சத்தில் நிறம் மாறவும் செய்யும். ஆகவே பாலிஷ் படாத இடத்தைத் தேட வேண்டும். மேசையின் அடிப்பக்கத்தையோ இழுப்பறையின் பின்புறத்தையோ பாருங்கள். பலகையின் குறுக்குவெட்டு முனை கிடைத்தால் கூரிய உளியால் வழவழவென்று சீவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வையுங்கள். தேக்கில் பெரிய துளைகள் ஆண்டு வளையத்தை ஒட்டி வரிசைகட்டி நிற்கும். ஈட்டியில் அவை பரவலாகச் சிதறியிருக்கும், அவற்றிடையே வெளிறிய மெல்லிய கோடுகள் நெளிந்து செல்லும். சீவிய புது முகம் இனிய மணம் வீசும். எடையிலும் ஈட்டி தேக்கை மிஞ்சும்.

அனுபவமுள்ள ஆசாரி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாரே என்று கேட்கலாம். சொல்வார்தான். அவர் கணிப்பில் கைக்குத் தெரியும் கனமும் இழைக்கும்போது எழும் மணமும் சேர்ந்தே இருக்கின்றன. இதைவிட வலுவான மறுப்பு, ஈட்டியின் உறவான நூக்கு மரமும் லென்ஸில் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும் என்பது. அது உண்மை. லென்ஸ் நம்மை டால்பெர்ஜியா என்ற பேரினம் வரை கொண்டுபோகும். அதற்குள் எந்த இனம் என்று பிரிக்கப் பெரும்பாலும் வேதிச் சோதனை வேண்டும். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 2017 தொடக்கத்தில் பேரினம் முழுவதையும் வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததற்கு, அறுத்த மரத்தில் இனம் பிரிப்பது சுங்க அதிகாரிகளுக்குக் கடினம் என்பதும் ஒரு காரணம். ஈட்டி அழிவாய்ப்பு மிக்க இனமாகிவிட்ட நிலையில், வாங்குபவர் பேரினம்வரை அறிவதே பெரிய காவல்.

இழைக்கும்போதும் நிறத்தைவிட மரத்தின் உள்ளமைப்பே கைவேலையைத் தீர்மானிக்கிறது. துளைகளில் படியும் சுண்ணாம்புச் சத்து உளியின் கூரைச் சீக்கிரம் மழுக்கும். நார் மாறி மாறிச் சாய்ந்திருப்பதால் இழைப்புளி ஓடும் திசையைப் பொறுத்து மேற்பரப்பு பெயரும். அலகை நன்றாகத் தீட்டி, மிக மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். மரத்தின் எண்ணெய்ப் பசை ஒட்டுதலைக் கெடுப்பதால், பசை தடவுவதற்குச் சற்று முன் இணைப்பை அசிட்டோனால் துடைப்பது வழக்கம். ஸ்பிரிட் பாலிஷ் ஈட்டியின் சாயத்தைக் கரைத்துப் பக்கத்தில் பதித்த வெண்மரத்தில் கறையாக்கிவிடும் என்பதால் முதல் பூச்சு மெல்லியதாக, தனித்தனியாக இருக்கட்டும். இதன் தூசு சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும், ஆகவே தேய்க்கும்போது முகக்கவசத்தோடு முழுக்கைச் சட்டையும் அவசியம்.