துப்பாக்கி முழக்கமும் செவிக் காப்பும்

தவளக்குப்பத்தைக் கடந்து தெற்கே கூடலூர் சேர்வோர் அங்கே 'குண்டு கிராமங்கள்' என்னும் பெயரைக் கேட்பர். 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தேவனாம்பட்டணத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியபொழுது, பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைவரை அவர்களுக்காயிற்று. குண்டு சென்ற தூரத்தை நாம் அறிவோம். முழக்கம் செவியினுள் செய்யும் சேதத்தையோ எண்ணுவதில்லை.

1948-இல் தோன்றிய தேசிய மாணவர் படையிலே மாணவர் துப்பாக்கி சுடப் பயில்கின்றனர். ஆகையால் இஃது நமக்கும் உரிய விஷயமே.

நாம் பேசும் ஒலி ஏறக்குறைய 60 டெசிபெல். துப்பாக்கிகளிற் பெரும்பாலானவை 140-ஐக் கடந்து முழங்கும். பத்து டெசிபெல் ஏறுந்தோறும் ஒலியின் வலிமை பதின்மடங்காகுமாதலின், இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமை பத்துக் கோடி மடங்காம்.

உட்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்களே ஒலியை நரம்பிற்கு உணர்த்துவன. அவை ஒருமுறை அழியின் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. ஒரே வேட்டும் அவற்றை அழிக்கக்கூடும். உயர்ந்த சுருதியைக் கேட்கும் ஆற்றலே முதலிற் குன்றும். பின்பு பிறர் பேசுவது செவியில் விழுந்தும் சொல் விளங்காது. வலத்தோளிற் சார்த்திச் சுடுவோர்க்குத் துப்பாக்கியின் வாய்க்கு அணித்தான இடச்செவியே மிகுதியும் கெடும்.

வெறும் பஞ்சு போதிய காப்பன்று. நுரையடைப்பானைச் செவித்துளையில் நன்கு செலுத்தி, அதன்மேல் செவிமூடியும் அணிதல் நலம். அருகில் நிற்போரும் கற்பிப்போரும் அங்ஙனமே செய்க. சுட்டபின் காதில் இரைச்சல் நீடிப்பின், தாமதியாது வைத்தியரை நாடுக. கண்ணுக்கு இமையுண்டு, செவிக்கோ இல்லை. அதற்கு இமையாவது நமது முன்னெச்சரிக்கையே.