வாலுக்கடியில் ஒரு நாடகம்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. அடி அண்ணாமலைக் கோயில் பக்கம் அன்னதானத் தொன்னைகளை நாய்கள் நக்கிக்கொண்டிருந்தன. எல்லாரும் மலையைப் பார்த்துக் கும்பிட, நான் குனிந்து நாய்களின் வாலுக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பா நினைக்காதீங்க! தெருநாய்களுக்கு அங்கேதான் ஒரு விசித்திரப் புற்றுநோய் வரும்.

காலிஃபிளவர் மாதிரி, ரத்தம் கசியும் கட்டி. இணைசேரும்போது தொற்றும், நக்கினாலும் மோந்தாலும்கூட. தொற்றுவது கிருமி இல்லை, புற்றுச் செல்லேதான்! 43 நாடுகளின் 546 கட்டிகளை ஒப்பிட்ட 2019 ஆய்வின்படி, இந்தப் புற்று முதலில் முளைத்தது ஆசியாவில் ஒரு நாயிடம், 4,000 முதல் 8,500 வருஷத்துக்கு முன்னால். அந்த நாய் எப்போதோ போய்ச்சேர்ந்தது. அதன் செல் மட்டும் நாய்விட்டு நாய் தாவி இன்னும் உயிரோடு!

நாய்க்கு 78 குரோமோசோம். இந்தச் செல்லுக்கோ அறுபதை ஒட்டித்தான். அப்பட்டமான அந்நியன். உடம்பு எப்படி உள்ளே விட்டது? செல்கள் தம்மேல் அடையாளப் புரதங்களைக் காட்டவேண்டும். கட்டி அவற்றை மறைத்துவிடுகிறது. டி செல் என்ற காவல் வெள்ளணுவுக்கு ஆள் தெரிவதில்லை. அடையாள அட்டையில்லாதவனைப் பிடிக்கவென்றே இருக்கும் என்.கே. செல் என்ற இன்னொரு வெள்ளணுவையும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தைக் கசியவிட்டு அசத்திப்போடுகிறது. கில்லாடி!

சில மாதம் போகும். சில நாய்களில், மருந்தே இல்லாமல், வேஷம் கலையும். கட்டிக்குள் புகுந்த வெள்ளணுக்கள் இன்டர்லூகின்-6 என்ற புரதத்தைச் சுரக்க, டிஜிஎஃப்-பீட்டாவின் பிடி தளர, ஒளித்த புரதம் வெளியே தலைகாட்டுகிறது. மாட்டிக்கிச்சு! கட்டி வற்றிக் காணாமல் போகும். ஆய்வுக்கூடத்தில் அப்படித் தேறிய நாய்க்கு அதே கட்டியைத் திரும்ப வைத்தாலும் ஒட்டுவதில்லை.

மனிதர்களிடம் புற்று இப்படித் தானாக வற்றுவது அபூர்வத்திலும் அபூர்வம். இதே மலையடிவாரத்தில் ரமண மகரிஷியின் இடக்கையில் வந்த சார்கோமாப் புற்று, 1949-ல் நாலு முறை அறுத்தும் திரும்ப முளைத்தது.

நாய்க்கும் தானாக வற்றட்டும் என்று காத்திருப்பதில்லை. வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி. சில வாரத்தில் பெரும்பாலும் குணம். அந்த ஊசியும் தனியாளாக வேலையை முடிப்பதில்லை: அடிபட்ட கட்டி விடும் ரசாயனச் சமிக்ஞை வெள்ளணுக்களைக் கூட்டிவருகிறது. மருந்து எதிலிருந்து என்கிறீர்கள்? நம்ம நித்தியகல்யாணி! சுவரோரம் ஊதாவாகப் பூத்திருந்த செடியை ஆசையாகத் தொடப் போனேன். அதற்குள் ஒரு நாய் முந்திக்கொண்டு அதன்மேல் காலைத் தூக்கிவிட்டது.