சமுத்திரக் கரையில் ஒரு சமபந்தி

சென்னைப் பட்டணத்தில் ஏழையும் பணக்காரரும் ஒரே வேளையில், ஒரே தரையில் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால், அது திருவல்லிக்கேணிக் கடற்கரையே. இலை போடுவார் இல்லை. எச்சில் எடுப்பார் இல்லை. மணல்தான் ஆசனம், காகிதப் பொட்டலந்தான் பாத்திரம். சமபந்தி போஜனத்தைப் பற்றி மேடைகளில் பிரசங்கங்கள் முழங்கிய காலத்தில், பிரசங்கம் ஏதுமின்றி அதை நடத்திக் காட்டிய ஸ்தலம் இது. இந்த மணலுக்குச் சிறிது தூரம் மேற்கே, திருவல்லிக்கேணித் தெருவொன்றில், ஒரு ஹோட்டலின் பெயர்ப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரி 1957-ல் பெரியார் மறியல் தொடங்க வேண்டியிருந்தது. அதை நினைத்துப் பார்த்தால், பலகையே இல்லாத இந்தச் சாப்பாட்டுக் கூடத்தின் பெருமை நன்கு விளங்கும்.

இங்கே ராஜ போஜனம் சுண்டல்தான். காய்ந்த பட்டாணியை இரவெல்லாம் ஊறவைத்து, குழையாமல் வேகவைத்து, கடுகும் மிளகாயும் தாளித்து, தேங்காய்த் துருவலையும் மாங்காய்க் கீற்றையும் மேலே தூவிக் கொடுக்கிறார்கள். பார்க்க எளிய பண்டம். ஆனால் அதற்குள் இருக்கும் வியாபாரக் கணக்கு எளிதன்று. தேங்காய் சேர்ந்த பதார்த்தம் மறுநாளைக்குத் தாங்காது. சாயங்காலம் தூக்கில் எடுத்து வந்தது இரவுக்குள் தீர்ந்தாக வேண்டும். ஐப்பசியில் ஒரு மாலை மழை பிடித்துக் கொண்டால், அன்றைய முதல் முழுவதும் மழையோடு போயிற்று. பஜ்ஜிக் கடைக்காரருக்கு வேறு கவலை. நாமெல்லாம் எந்தக் காற்றை வாங்க வருகிறோமோ, அதே காற்று அவருடைய அடுப்பை அணைக்கப் பார்க்கிறது; தகரத் தடுப்பு வைத்து நெருப்பைக் காப்பாற்றிக் கொள்கிறார். சற்றுத் தள்ளி, மிளகாய்ச் சாந்து பூசிய வஞ்சிரத் துண்டங்கள் தட்டுகளில் வரிசையாகக் காத்திருக்கின்றன.

பொட்டலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்திரிகைகள் கடைசியாக அடையும் பதவி சுண்டல் காகிதம் என்பது எழுதுகிறவர்களுக்கெல்லாம் அடக்கம் கற்பிக்கும் உண்மை. ஆயினும் அச்சு மையில் ஈயம் முதலியவை கலந்திருக்கலாமென்பதால், செய்தித்தாளில் உணவைக் கட்டலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் எச்சரித்தது. பத்திரிகைக்காரர்களின் கௌரவத்துக்கும் இது நல்லதே.

இந்தப் பரந்த மணல்வெளி ஆதியிலிருந்தே இருந்ததாக எண்ணுவோர் பலர். அப்படியன்று. ஒரு காலத்தில் அலை சாலைக்கு மிக அருகிலேயே புரண்டது. 1870-களில் வடக்கே துறைமுகத்துக்கான கற்சுவர்களைக் கடலுக்குள் எழுப்பத் தொடங்கினார்கள். ஆண்டின் பெரும்பகுதியில் நமது கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகருகிறது. சுவர் குறுக்கே நின்றதால் அந்த மணல் தென்புறத்திலேயே தங்கிக் குவிந்தது. வகுப்பில் படம் போட்டு விளக்குவதைவிட, பிள்ளைகளை இங்கே நிறுத்திக் காட்டினால் இந்தப் பூகோள பாடம் சுலபமாய்ப் புரியும். பாடத்தின் மறுபாதியைப் பார்க்க ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் போகவேண்டும். தங்களுக்கு வரவேண்டிய மணல் வராததால் அங்கே கரை அரிபட்டு, பாறாங்கற்களைக் கொட்டித் தடுக்க நேர்ந்தது. நாம் காலை நீட்டி உட்காரும் மணலில் வடசென்னையின் பங்கும் கலந்திருக்கிறது. 1884-ல் உலாவும் பாதை அமைத்து, ஸிஸிலித் தீவின் ஞாபகமாக 'மெரினா' என்று பெயர் சூட்டியவர் அப்போதைய கவர்னர் கிராண்ட் டப். துரைமார் சாரட்டில் காற்று வாங்குவதற்கென்று போட்ட பாதை அது!

அந்தப் பாதைக்கு அப்பாலிருந்த மணலைத் தேசத்தார் வேறு விதமாகப் பயன்படுத்திக் கொண்டனர். 1920 ஆகஸ்டில் மாநிலக் கல்லூரிக்கு எதிரே இந்த மணலில்தான் காந்தியடிகள் ஒத்துழையாமையைப் பற்றிப் பேசினார். 1923-ல் சிங்காரவேலர் தொழிலாளரைக் கூட்டி மே தினம் கொண்டாடியதும், 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது தொண்டர்கள் அடிபட்டதும் இங்கேதான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மாணவர்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தபோது, முன்பின் அறியாதவர்களெல்லாம் சோற்றுப் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கேட்காமலே பரிமாறும் பழக்கம் இந்த இடத்துக்கே உரியது போலும்.

கடைகளை ஒழுங்குபடுத்த வேண்டுமென்று ஹைகோர்ட்டில் வழக்கு நடந்ததன் பேரில், ஒரே மாதிரியான 900 வண்டிகள் செய்து, 2021-ல் மாநகராட்சியார் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். சுத்தம் வேண்டுமென்பதில் நமக்கு அபிப்பிராய பேதமில்லை. ஆனால் குலுக்கலில் பெயர் வராதவருக்கும் அடுப்பும் குழந்தைகளும் உண்டு. அதைவிட முக்கியமான கேள்வி, அழகுபடுத்தும் வேலைகள் பெருகப் பெருக, சில்லறைக் காசுடன் வருகிறவர் தயக்கமின்றி வந்து உட்கார இடமிருக்குமா என்பதே. அனுமதிச் சீட்டும் கம்பி வேலியும் வந்தால் கடற்கரை அழகாகத்தான் இருக்கும்; திருவல்லிக்கேணிச் சந்துகளில் ஒற்றை அறைக்குள் வாழும் குடும்பம் சாயங்காலத்தில் எங்கே போகும்?

வெகுகாலமாக இந்தப் பந்தியில் இடம் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். மணலில் சக்கர நாற்காலி ஓடாது; ஆகவே கால் வழங்காதவர்கள் சாலையிலிருந்தே கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். 2022 நவம்பர் மாதக் கடைசியில் அவர்களுக்கென்று மரப்பாதை ஒன்றைத் திறந்தார்கள். இரண்டு வாரங்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. பிறகு செப்பனிட்டார்கள். பாதை முடியுமிடத்தில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு அலையைப் பார்த்திருப்பவர்களிடமும் சுண்டல்காரர் தம் தூக்குடன் வந்து சேர்ந்துவிடுகிறார்.