கொல்கத்தா ஃபிங்கர் சிப்ஸும் தட்டுக்கு வராத ஜோதியும்

கொல்கத்தாவின் கஃபேக்களில் சுடச்சுடப் பரிமாறப்படும் ஃபிங்கர் சிப்ஸின் தரத்தை மதிப்பிட முற்படுவோர், மேலே தூவப்படும் பெரி-பெரி மசாலாவையும் பக்கத்தில் வைக்கப்படும் மயோனைசையும் ஒதுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் கிழங்கையே முதலில் சோதிக்க வேண்டும். உருளைக்கிழங்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி இந்நகரத்துக்கு நிரம்பவே உண்டு. 1856-இல் அவத் அரசு ஆங்கிலேயரால் பறிக்கப்பட்டபின் நகரின் தென்மேற்கே மெட்டியாப்ரூஸில் வந்து தங்கிய நவாப் வாஜித் அலி ஷாவின் சமையற்கூடத்திலிருந்து பரவியதாகச் சொல்லப்படும் பிரியாணியில், இறைச்சிக்குச் சமமான மரியாதை முழு உருளைக்கிழங்குக்கு அளிக்கப்படுகிறது. பருப்புச் சோற்றோடு உண்பதற்காக மிக மெல்லியதாகச் சீவிப் பொரிக்கப்படும் ஜிரிஜிரி ஆலு பாஜாவும், மசித்த கிழங்கைக் கடலைமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரித்துப் அரிசிப்பொரியோடு கொறிக்கப்படும் ஆலு சாப்பும் இங்கு அன்றாட உணவாகவே விளங்குகின்றன.

நல்ல ஃபிங்கர் சிப்ஸுக்குரிய இலக்கணம் எளியது என்றாலும் அதை நிறைவேற்றுவது எளிதன்று. சுமார் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டப்பட்ட துண்டின் வெளிப்புறம் மொறுமொறுப்பான மெல்லிய ஓடாக இறுக வேண்டும். உட்புறம் வேகவைத்த கிழங்கின் மாவுத்தன்மையோடு உதிர வேண்டும். நிறம் இளம்பொன்னைத் தாண்டக் கூடாது. கையில் எண்ணெய் ஒட்டக் கூடாது. இதற்காகத் தேர்ந்த சமையற்காரர்கள் துண்டுகளை ஏறக்குறைய 160 பாகை செல்சியஸில் ஒருமுறை உள்ளே வேகும்படி பொரித்தெடுத்து ஆறவைத்து, பின்னர் 180 பாகையில் மறுமுறை பொரித்து ஓட்டை இறுக்குகின்றனர். இவ்வளவும் கைகூடுவதற்குக் கிழங்கின் உலர்பொருள், அதாவது நீரைக் கழித்தபின் எஞ்சும் மாவுச்சத்து முதலியவற்றின் பங்கு, நூற்றுக்கு 20 அளவிலாவது இருத்தல் வேண்டும். அது குறைந்தால் துண்டு எண்ணெயைக் குடித்துத் துவண்டுவிடும்.

பார்க் ஸ்ட்ரீட் முதல் சதர்ன் அவென்யூ, சால்ட் லேக் வரையுள்ள புதிய கஃபேக்களின் தட்டுகள் பலவற்றை இந்த அளவுகோலால் அளந்தால், அவை மொறுமொறுப்பில் தேறிவிடுகின்றன. ஆனால் ஒரே நீளம், ஒரே நிறம், ஒரே சுவை என்னும் சீர்மை, அவை சமையலறையில் சீவப்பட்டவை அல்ல என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆலையில் வெட்டி, வெந்நீரில் அரைவேக்காடாக்கி, உலர்த்தி, பாதியளவு பொரித்து, கழித்தல் 18 பாகையில் உறையவைத்துப் பொட்டலமாக வரும் உறைசிப்ஸ்தான் அங்கே எண்ணெயில் இறங்குகிறது. அத்தகைய பெரிய ஆலைகள் குஜராத்தில் திரண்டிருக்கின்றன. அவை நாடுவதோ உலர்பொருள் மிகுந்த சந்தானா போன்ற அயல்நாட்டு ரகங்களையே.

கவலைக்குரிய இடம் இதுவே. உருளைக்கிழங்கு உற்பத்தியில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த நிலையிலுள்ள மேற்கு வங்கத்தில், நகரிலிருந்து சில மணிநேரப் பயணத்தொலைவில் ஹூக்ளி, பூர்வ வர்த்தமான், பஸ்சிம் மேதினிபூர், பாங்குரா மாவட்டங்கள் கிழங்கைக் குவிக்கின்றன. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1968-இல் வெளியிட்ட குஃப்ரி ஜோதி, குஃப்ரி சந்திரமுகி ஆகிய ரகங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வங்காள அடுக்களைகளில் ஆட்சி செய்கின்றன. சந்தையில் சந்திரமுகிக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்காத ஒரு நகரம், கஃபேயில் அமர்ந்தவுடன் பெயரறியாத கிழங்கைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வது, தன் நாவின் தேர்ச்சியைத் தானே கைவிடுவதாகும்.

உறைசிப்ஸ் ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில் கிடைக்கிறது, சீவுவதற்கு ஆள் தேவையில்லை, உள்ளூர்க் கிழங்கு பொரித்தால் கறுக்கிறது என்று கஃபே நடத்துவோர் கூறுவர். கறுக்கிறது என்பது உண்மையே. ஆனால் குற்றம் முழுவதும் கிழங்கினுடையது அன்று. பிப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகும் கிழங்கு அவ்வாண்டின் பிற்பகுதிவரை குளிர்பதனக் கிடங்குகளில் 2 முதல் 4 பாகை வெப்பநிலையில் அடுக்கிவைக்கப்படுகிறது. அந்தக் குளிரில் முளைப்பு நின்றுவிடுகிறது என்றாலும், கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் ஒடுக்கும் சர்க்கரைகளாக மாறுகிறது. பொரிக்கும்போது இச்சர்க்கரைகள் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து கரும்பழுப்பு நிறத்தையும் கசப்பையும் உண்டாக்குவதோடு, 2002-இல் சுவீடன் ஆய்வாளர்கள் பொரித்த உணவுகளில் கண்டறிந்த அக்ரிலமைடு என்னும், உடலுக்குத் தீங்கானது என ஐயுறப்படும் வேதிப்பொருளையும் பெருக்குகின்றன. எனவே கறுத்த சிப்ஸை ஒதுக்குவது நாவுக்கு மட்டுமின்றி உடலுக்கும் நல்லது.

இக்குறைக்குத் தீர்வுகள் ஏற்கெனவே உள்ளன. சேமிப்பு வெப்பநிலையை 10 முதல் 12 பாகையாக உயர்த்தி, முளைப்பைத் தடுக்கும் மருந்தைப் பயன்படுத்தினால் சர்க்கரை பெருகுவது வெகுவாகக் குறைகிறது. பொரிப்பதற்கெனச் சேமிக்கப்படும் கிழங்குக்கு இம்முறை நடைமுறையில் இருக்கிறது. அதே சிம்லா நிறுவனம் 1998-இல் வெளியிட்ட குஃப்ரி சிப்சோனா ரகங்களும், அவற்றைத் தொடர்ந்து ஃபிங்கர் சிப்ஸுக்கென்றே வந்த குஃப்ரி ஃப்ரைசோனாவும் உலர்பொருள் மிகுந்தும் சர்க்கரை குறைந்தும் இருப்பவை. சமையலறை அளவிலும், சீவிய துண்டுகளை வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி வடித்தால் சர்க்கரையின் ஒரு பகுதி கரைந்து நீங்கிவிடும். முற்றி அறுவடையாகிக் கிடங்குக்குள் நுழையாத மார்ச், ஏப்ரல் மாதக் கிழங்குக்கு அந்தப் பக்குவமும் பெரிதாகத் தேவைப்படாது.

விளைச்சல் பெருகிய ஆண்டுகளில் விலை சரிந்து, சாகுபடிச் செலவையும் மீட்க முடியாமல் ஹூக்ளிப் பகுதி விவசாயிகள் கலங்குவது பலமுறை நிகழ்ந்துள்ளது. பொரிப்பதற்கேற்ற தரமான கிழங்குக்கு நகரத்தின் கஃபேக்கள் நல்ல விலை கொடுத்து நேரடியாக வாங்கத் தொடங்கினால், அந்தச் சரிவை அது முழுவதும் தடுத்துவிடாது என்றாலும், ரகத்தைப் பார்த்துப் பயிரிடவும் தரத்தைப் பார்த்துச் சேமிக்கவும் விவசாயிக்கு ஒரு காரணம் கிடைக்கும். இன்றைய நிலையிலோ, வயலுக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள குறுகிய வழி அடைபட்டு, தொலைதூர ஆலையிலிருந்து குளிர்வண்டியில் வரும் பொட்டலத்துக்கே அப்பணம் செல்கிறது.

ஆகவே கொல்கத்தாவில் ஃபிங்கர் சிப்ஸுக்கு மதிப்பெண் இடுவோர் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்வது நலம்: கிழங்கின் ரகமும் அது விளைந்த மாவட்டமும் உணவுப் பட்டியலில் குறிப்பிடப்படாத தட்டுக்கு, அது எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தாலும், முதலிடம் கிடையாது. மீனை அதன் ஆற்றின் பெயரைக் கேட்டு வாங்கும் வங்காளிகளுக்குக் கிழங்கின் ஊரைக் கேட்பது புதிய பழக்கம் ஆகாது. வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கினால் கடைக்காரர் பதில் தேடியாக வேண்டும், அந்தத் தேடல் அவரை ஹூக்ளியின் வயல்களுக்கே கொண்டுசெல்லும்.