நாணயம் யாருடையது?
நம்பிக்கைக் கடன் பற்றிச் சில குறிப்புகள்

1

நிலப்பத்திரம் வேண்டாம், நகை வேண்டாம், ஜாமீன் கையெழுத்து வேண்டாம். உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கை ஒன்றே போதும் என்று சொல்லிக் கடன் தருகிறார்கள். கூடவே சில நாள் பயிற்சி, ஆலோசனை சொல்ல ஒரு வழிகாட்டி. வாங்கியவர் நாளை முதல் கூலியாள் இல்லை, 'தொழில்முனைவோர்'. அரசு, வங்கி, தொண்டு நிறுவனம், தனியார் நிதி நிறுவனம் என எல்லோரும் ஒரே குரலில் பேசும் சொல்லாடல் இது. இத்தனை பேர் ஒரே குரலில் பேசினால் கொஞ்சம் நின்று யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

நம் வட்டாரத்தில் இதற்கு இரண்டு எதிர்வினைகள் உண்டு. பெண்கள் கையில் பணம் வருகிறது, கந்துவட்டிக்காரனிடமிருந்து தப்பிக்கிறார்கள், இதிலும் குற்றம் காணாதீர்கள் என்பது ஒன்று. எல்லாமே நிதி மூலதனத்தின் சூழ்ச்சி என்று ஒரே வரியில் முடித்துவிடுவது மற்றொன்று. செவ்வாய்க்கிழமை டியூ கட்ட வேண்டிய பெண்ணுக்கு இரண்டாலும் பயனில்லை. நம்பிக்கை என்கிறார்களே, இதில் யார் யாரை நம்புகிறார்கள்? அந்த நம்பிக்கை பொய்த்துப்போனால் நட்டம் யார் தலையில் விழுகிறது? இந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு விஷயத்துக்குள் போகலாம்.

2

தமிழில் 'கடன்' என்றால் கடமை என்றும் பொருள். 'நாணயம்' என்றால் காசு, நேர்மை இரண்டும்தான். "அவர் நாணயமான ஆள்" என்று ஊரில் சொன்னால் வாங்கியதைத் திருப்பித் தருபவர் என்று பொருள். ஆக, கொடுக்கல்வாங்கலை வெறும் பணக் கணக்காக நம் மொழி ஒருபோதும் பார்த்ததில்லை.

நம்பிக்கைக் கடனுக்கும் நம்மிடம் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: கைமாற்று. வட்டி கிடையாது, சீட்டு எழுதுவது கிடையாது. "ஒரு ஆயிரம் ரூவா கைமாத்தா குடு, பத்து நாள்ல தந்துடறேன்." கொடுப்பவருக்குத் தெரியும், இது திரும்பாமலும் போகலாம். தெரிந்தேதான் கொடுக்கிறார். கைமாற்றில் நம்பிக்கை என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறதென்றால் அது இந்த இடத்தில்தான்: கொடுப்பவரும் இழக்கத் தயாராக இருக்கிறார். தண்டல்காரரிடமும் மீட்டர் வட்டிக்காரரிடமும் இது கிடையாது. அவர்கள் பத்திரம் கேட்காமல் தருகிறார்கள் என்பதற்காக நம்பித் தருகிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. வசூலிக்கும் வழி அவர்களுக்குத் தெரியும்.

நவீன நுண்கடன் இந்த இரண்டில் எதன் வாரிசு?

3

கதை வழக்கமாக வங்கதேசத்தில் தொடங்கும். 1976இல் சிட்டகாங் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் முகம்மது யூனுஸ் பக்கத்திலிருந்த ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்குச் சேர்த்து 856 டாக்கா தன் கையிலிருந்து கொடுத்தார். மூங்கில் வாங்கி முக்காலி முடையும் பெண்கள் போன்றவர்கள். கடன் கொடுத்த வியாபாரியிடமே சொன்ன விலைக்குச் சரக்கைக் கொடுக்க வேண்டிய கட்டு அவர்களுக்கு இருந்தது. யூனுஸ் கொடுத்த இந்தத் தொகை கைமாற்றேதான்.

ஆனால் கைமாற்றை வைத்து வங்கி நடத்த முடியாது. 1983இல் கிராமீன் வங்கி முறையாக வங்கியானது. ஐந்து பேர் ஒரு குழு. முதலில் இரண்டு பேருக்குக் கடன், அவர்கள் ஒழுங்காகக் கட்டினால் அடுத்த இருவருக்கு, குழுத்தலைவிக்குக் கடைசியில். வாரத் தவணை, எல்லோர் முன்னிலையிலும் வசூல். நிலமோ நகையோ இருந்த இடத்தில் இப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகம் இருக்கிறது. வங்கி அவளை நம்பவில்லை. அவள்மேல் மற்ற நால்வர் வைக்கும் கண்ணை நம்புகிறது. பிணையில்லாக் கடன் என்பது இதற்குச் சரியான பெயரா? பிணை வேறு உருவத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். மானிடவியலாளர் லாமியா கரீம் வங்கதேச கிராமங்களில் ஆய்வு செய்து 2011இல் வெளியிட்ட நூலின் மையவாதம் இதுதான்: அங்கே பெண்ணின் மானமும் வெட்கமும் ஈடாக வைக்கப்படுகின்றன.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கிராமீனின் பெரும்பான்மைப் பங்குகள் கடன் வாங்கிய பெண்களின் பெயரில் இருந்தன. 2002 வாக்கில் முறையை மாற்றியமைத்தபோது தவணையைத் தளர்த்திக்கொள்ள வழி செய்தார்கள். 2006இல் நோபல் பரிசு கிராமீனுக்கும் யூனுஸுக்கும் சேர்த்தே வந்தது. உலகெங்கும் இதைப் படியெடுத்தவர்கள் ஐந்து பேர் குழுவை எடுத்துக்கொண்டார்கள். பங்குரிமையைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

உடைமை இல்லாத கூட்டுப் பொறுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒப்பீடு உண்டு. சென்னை மாகாண அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன் 1890களில் ஐரோப்பிய கிராம வங்கிகளை ஆராய்ந்து, ஜெர்மனியின் ரைஃபைசன் சங்கங்களை இங்கே பரிந்துரைத்தார். 1904இன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அதுவும் ஒரு தூண்டுகோல். ரைஃபைசன் சங்கத்திலும் ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு, அதுவும் வரம்பில்லாத பொறுப்பு. ஆனால் சங்கம் உறுப்பினர்களுடையது. லாபமும் அவர்களுடையது, பேரேடும் அவர்கள் கையில்.

4

தமிழ்நாட்டில் இந்த வேறுபாட்டைத் தெருவிலேயே பார்க்கலாம். 'குழு' என்ற ஒரே சொல் இங்கே இரண்டு வெவ்வேறு அமைப்புகளைக் குறிக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி விவாதம் வீணாகிறது.

முதலாவது சுய உதவிக் குழு. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. 1992இல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை ஆரம்பித்தது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள். முதலில் சேமிப்பு, அந்தச் சேமிப்பிலிருந்து உள்கடன், பிறகுதான் சுழல்நிதி, வங்கிக் கடன். யாருக்கு முதலில், எவ்வளவு, என்ன வட்டி என்பதைக் குழு கூடி முடிவு செய்து தீர்மான நோட்டில் எழுதுகிறது. வட்டி குழுவுக்கே திரும்புகிறது. "அவளுக்கு இந்த மாசம் ஆஸ்பத்திரி செலவு, அடுத்த மாசம் கட்டட்டும்" என்று குழுவால் சொல்ல முடியும். இதில் கடன் கொடுப்பவளும் வாங்குபவளும் ஒருத்தியே. இழப்பு வந்தால் எல்லோருக்கும். ஊக்குநரின் கை ஓங்குவது, சாதிவாரியாகக் குழு பிரிவது, கட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது என்று குறைகள் ஏராளம். ஆனாலும் கைமாற்றின் ஏதோ ஒரு சாயல் இதில் ஒட்டியிருக்கிறது.

இரண்டாவது, தனியார் நுண்நிதி நிறுவனங்கள் அமைக்கும் கூட்டுப் பொறுப்புக் குழு. ஊரில் 'குழு லோன்' என்றால் இன்று பெரும்பாலும் இதுதான். இதில் சேமிப்பு கிடையாது, தீர்மான நோட்டு கிடையாது. தொகையும் வட்டியும் தவணையும் நிறுவனத்தின் கணினியில் முடிவாகி வருகின்றன. குழுவுக்கு மிச்சம் இருப்பது பொறுப்பு மட்டும். "அந்தக்கா கட்டலேன்னா நாங்கதான் போட்டுக் கட்டணும், கட்டற வரைக்கும் சார் இங்கேருந்து எந்திரிக்க மாட்டார்." வட்டி நிறுவனத்துக்குப் போகிறது. ஆபத்து முதலில் அக்காமார்களிடம் வருகிறது. இதற்கும் பெயர் நம்பிக்கைக் கடன்தான். இப்போது கடன் தகவல் நிறுவனங்களில் ஒவ்வொருவருக்கும் பதிவு இருப்பதால் நாணயத்துக்கு மதிப்பெண்ணும் வந்துவிட்டது.

5

இதன் விளைவை 2010இல் ஆந்திரத்தில் கண்டோம். அந்த ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். என்ற பெரிய நுண்நிதி நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலானது. ஏழைகளின் வாரத் தவணை முதலீட்டாளருக்கு நல்ல சரக்கு என்று நிரூபணமானது. இரண்டே மாதத்தில், வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் குவிந்த நிலையில், மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வசூல் ஏறக்குறைய நின்றுபோனது. ரிசர்வ் வங்கி மாலேகாம் குழுவை அமைத்து, பிறகு வட்டிக்கும் கடன் அளவுக்கும் வரம்பு வைத்தது. அந்த வட்டி வரம்பு 2022இல் நீக்கப்பட்டது. குடும்ப வருமானத்தில் பாதிக்குமேல் தவணைக்குப் போகக்கூடாது என்ற விதி அதற்குப் பதிலாக வந்தது. தமிழ்நாட்டில் 2003இலிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கடன் நிறுவனங்களின் வன்வசூலைத் தடுக்க 2025இல் சட்டமன்றம் தனியாக ஒரு சட்டம் நிறைவேற்றியது. நம்பிக்கையின் பேரில் நடப்பதாகச் சொல்லப்படும் ஒரு தொழிலுக்கு வன்முறைத் தடுப்புச் சட்டம் தேவைப்படுகிறது என்பதையே நாம் யோசிக்க வேண்டும்.

2009க்குப் பிறகு இலங்கையின் வடக்கு, கிழக்கிலும் நடந்தது இதுவே. போரில் எல்லாவற்றையும் இழந்த பெண்களிடம் வாரக்கடன் போனது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைப் பெண்களுக்குத் தள்ளுபடி செய்வதாக அந்த அரசே அறிவிக்க வேண்டிவந்தது.

6

பயிற்சிக்கும் வழிகாட்டுதலுக்கும் வருவோம். கடன் மட்டும் போதாது, திறமையும் வேண்டும் என்பது இதன் வாதம். 1979 விரிவுரைகளில் மிஷேல் ஃபூக்கோ புதிய தாராளவாதம் உருவாக்கும் மனிதத் தன்னிலையைப் பற்றிப் பேசினார்: தன்னையே ஒரு தொழில் நிறுவனமாக நடத்துகிறவன், தன் வாழ்வின் வரவுசெலவுக்குத் தானே பொறுப்பானவன். நம்மூர்ப் பயிற்சி வகுப்பின் மொழியும் அதுதான். தோற்றால் அது உன் முயற்சிக் குறைவு. சந்தை எங்கே, மூலப்பொருள் என்ன விலை, பெரிய கம்பெனியின் ஃபினாயில் பாட்டிலோடு உன்னுடையது எப்படிப் போட்டி போடும் என்ற பேச்சு கடைசி நாள் மாலைக்குத் தள்ளப்படுகிறது. ஒரே தெருவில் இருபது பேருக்கு ஃபினாயில் தயாரிக்கச் சொல்லிக்கொடுத்தால் இருபது பேரும் யாரிடம் விற்பது? தலைக்கு இவ்வளவு என்று கணக்குக் காட்டிய பயிற்சி நிறுவனத்துக்கு இதில் நட்டமில்லை.

அதற்காகப் பயிற்சியே வீண் என்று ஆகாது. கடன், தொழிற்கல்வி, வழிகாட்டல் மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்ச் சமூகத்திலேயே சாட்சி உண்டு. நகரத்தார் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக நுழைந்தவன் அடுத்தாள், மேலாள் என்று உயர்ந்தான். நாடார் வணிகர்கள் மகமை வசூலித்துப் பள்ளியும் பேட்டையும் கட்டினார்கள். 1921இல் தூத்துக்குடியில் சொந்தமாக வங்கியே தொடங்கினார்கள். கடையில் நின்று தொழில் படித்த பையன் தனிக்கடை போடும்போது சரக்கைக் கடனாக இறக்கிக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. சரக்குக் கொடுத்தவருக்கும் அந்தக் கடை ஓடியாக வேண்டும். இழப்பில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் இந்த நம்பிக்கை சாதியின் வேலிக்குள் விளைந்தது. வேலிக்கு வெளியே நின்ற தலித்துக்குச் சரக்கை யார் கடனாக இறக்குவார்? 2023இல் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியம் அறிவித்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அதைச் சலுகை என்பது தவறு. மற்றவர்களுக்குச் சாதி கொடுத்த முதலை இவர்களுக்கு அரசு கொடுக்கிறது.

ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. 2015இல் ஹைதராபாத் உட்பட ஆறு நாடுகளில் நடந்த நுண்கடன் ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. சிலருக்குக் கொஞ்சம் உதவியது, வாழ்க்கையை மாற்றவில்லை என்பதே முடிவு. ஏற்கெனவே தொழில் நடத்தியவர்களுக்குத்தான் சற்று அதிகப் பலன். அதே ஆண்டில் வேறு ஒரு ஆய்வும் வந்தது. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002இல் தொடங்கிய முறையை ஆறு நாடுகளில் பரிசோதித்தது அது. அதில் பரம ஏழைக் குடும்பத்துக்கு ஆடோ மாடோ கடனாக இல்லாமல் இலவசமாகவே கொடுக்கப்படுகிறது. அதோடு சில மாதம் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம், பயிற்சி, வீட்டுக்கு அடிக்கடி வந்து பார்த்துச் சொல்லிக்கொடுக்கும் ஆள். உதவி நின்று ஓராண்டு கழித்தும் பலன் தங்கியிருந்தது. ஆடு செத்துப்போனால் அந்தப் பெண் யாருக்கும் டியூ கட்ட வேண்டியதில்லை. வழிகாட்டி சொல்வதைப் பயமில்லாமல் செய்து பார்க்க அவளால் முடிகிறது.

7

களத்தில் இருக்கும் தோழர்கள் இத்தகைய திட்டம் ஒன்று ஊருக்குள் வரும்போது சில கேள்விகளைக் கேட்கலாம். கடன் யாருக்கு, எவ்வளவு என்பதை முடிவு செய்வது யார்? பேரேடு யார் கையில்? வட்டி எங்கே போகிறது? ஒருத்தி நோயில் விழுந்தால் தவணையைத் தள்ளிவைக்க யாருக்கு அதிகாரம் உண்டு? தொழில் தோற்றால் பயிற்சி கொடுத்தவர், கடன் கொடுத்தவர், வழிகாட்டியவர் மூவரில் யாராவது ஒரு ரூபாயாவது இழப்பார்களா?

கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால் அந்தத் திட்டத்தோடு வேலை செய்யலாம். குறைகளைச் சண்டை போட்டுச் சரிசெய்யலாம். 'இல்லை' என்றால் அங்கே நம்பிக்கை என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்றாவது சொல்ல வேண்டும். அது கடன். வட்டி எவ்வளவு, நிபந்தனை என்ன என்று வெளிப்படையாகப் பேசி, தேவையிருப்பவர் வாங்கிக்கொள்ளட்டும். வாங்கும் பெண்ணின் நாணயத்தை மட்டும் அளந்து பழகியிருக்கிறோம். கொடுப்பவரின் நாணயத்தையும் அதே கோலால் அளக்கக் குழுக்கூட்டத்திலேயே தொடங்கலாம்.