குவிமாடத்தின் பாரம்: இஸ்தான்புல்லும் திருவனந்தபுரமும்

திருவனந்தபுரத்தின் பாளையம் சந்திப்பில் ஜும்ஆ பள்ளிவாசலும் புனித சூசையப்பர் பேராலயமும் கணபதி கோயிலும் அருகருகே அமைந்துள்ளன. 1813இல் இங்கு முகாமிட்ட ஆங்கிலேயப் படையினருக்கான சிறிய தொழுமிடமாகத் தோன்றிய இப்பள்ளி, பின்னர் விரிவாகப் புதுப்பிக்கப்பட்டு 1967இல் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேனால் திறந்துவைக்கப்பட்டது. அந்தப் பணியில் பங்கேற்ற ஜி. கோபாலகிருஷ்ணன், பிறப்பால் இந்துவாக இருந்தும், பிற்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்களை வடிவமைத்தார். கடலோரத்துப் பீமாபள்ளியும் அவற்றுள் ஒன்று. கேரளத்தில் பள்ளிவாசல் என்றதும் இன்று மனத்தில் எழும் குவிமாடமும் மினாராவும் கூடிய தோற்றம், பெரும்பாலும் கான்கிரீட் பரவிய இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது. அக்குவிமாடம் ஒரு காலத்தில் எத்தகைய கட்டுமானச் சிக்கலுக்குத் தீர்வாக இருந்தது என்பதை அறிய, உதுமானியப் பேரரசின் தலைநகராயிருந்த இஸ்தான்புல்லையே நாட வேண்டும்.

உதுமானியர் 1453இல் அந்நகரைக் கைப்பற்றியபோது, 537இல் கட்டி முடிக்கப்பட்ட ஹகியா சோஃபியா தேவாலயம் அங்கு நின்றிருந்தது. அதன் முதற் குவிமாடம் 558இல் இடிந்து விழுந்து மீண்டும் எழுப்பப்பட்ட வரலாறு, இக்கலையின் ஆபத்தைக் காட்டுகிறது. கல்லாலும் செங்கல்லாலும் ஆன குவிமாடம் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. தன் அடிவிளிம்பைப் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அத்தள்ளுவிசையை எவ்வாறு வாங்கித் தரையில் இறக்குவது என்பதே சிற்பியின் சோதனை. இதனோடு இன்னொரு சிக்கலும் உண்டு: தொழுகைக் கூடம் சதுரம், குவிமாடத்தின் அடியோ வட்டம். சதுரத்தின் நான்கு மூலைகளிலும் உள்வளைந்த முக்கோணப் பரப்புகளை எழுப்பி, அவற்றின் மேல்விளிம்புகள் ஒன்றுகூடி வட்டமாகும்படி செய்வதே இதற்குக் கண்ட வழி. இப்பரப்புக்குப் ‘பெண்டன்டிவ்’ என்று பெயர்.

சுல்தான் சுலைமானின் தலைமைக் கட்டடச் சிற்பியான மிமார் சினான், 1550 முதல் 1557 வரை கட்டிய சுலைமானியா பள்ளிவாசலில் இந்த இரு சிக்கல்களையும் ஒருங்கே கையாண்டார். ஏறத்தாழ 26 மீட்டர் விட்டமும் 53 மீட்டர் உயரமும் கொண்ட குவிமாடத்தை நான்கு பெருந்தூண்கள் தாங்க, வாயில் பக்கத்திலும், மக்காவின் திசையைக் காட்டும் மிஹ்ராப் என்னும் மாடம் அமைந்த பக்கத்திலும் ஒவ்வோர் அரைக்குவிமாடம் அதன் தள்ளுவிசையை வாங்கிக்கொள்கிறது. மற்ற இரு பக்கங்களிலும் முட்டுச்சுவர்களை மதிலோடும் நடைமாடங்களோடும் இணைத்து அவர் மறைத்துவிட்டதால், உள்ளே நிற்பவருக்குப் பாரத்தின் உணர்வே எழுவதில்லை. சாளரங்கள் நிறைந்த சுவர் வழியே வரும் வெளிச்சந்தான் முதலில் தெரிகிறது. எதிர்னே நகரின் செலிமியே பள்ளிவாசலில் அவர் எட்டுத் தூண்களின் மீது 31 மீட்டருக்கும் சற்று அகன்ற குவிமாடத்தை நிறுத்தினார். 1575இல் நிறைவடைந்த அதுவே அவருடைய உச்சப் படைப்பு எனக் கருதப்படுகிறது. ஆறு மினாராக்களும் நீல ஓடுகளும் கொண்டு, சுற்றுலாப் பயணிகளை அதிகம் ஈர்க்கும் சுல்தான் அகமது பள்ளிவாசல் 1616இல் நிறைவடைந்தது. அழகில் குறைவற்ற அதன் உள்ளே பருத்த தூண்கள் பார்வையை மறிப்பதால், கட்டுமான நுட்பத்தில் சுலைமானியாவையே மேலானதாகக் கொள்ளலாம்.

இவை தொழுகைக்கு மட்டும் எழுந்த கட்டடங்களும் அல்ல. ‘குல்லியே’ எனப்பட்ட அறநிலைய வளாகமாகக் கட்டப்பட்ட சுலைமானியாவில் கல்விக்கூடங்கள், மருத்துவமனை, குளியலகம், ஏழைகளுக்கும் பயணிகளுக்கும் உணவளித்த அன்னசாலை ஆகியவை பள்ளியைச் சூழ்ந்திருந்தன.

கேரளத்தின் பழைய பள்ளிகள் இந்தக் குவிமாட வழியில் செல்லவேயில்லை. பெருமழை கொட்டும் நிலத்தில் சரிந்த கூரையே பொருத்தமென்பதால், மலபார்த் தச்சர்கள் கோயிலுக்கும் மாளிகைக்கும் வேய்ந்த அதே அடுக்குக் கூரையைப் பள்ளிவாசலுக்கும் வேய்ந்தனர். கோழிக்கோடு குற்றிச்சிறையிலுள்ள மிஷ்கால் பள்ளி இதற்குச் சிறந்த சான்று. பதினான்காம் நூற்றாண்டில் நாகுதா மிஷ்கால் என்னும் கப்பல் வணிகர் கட்டுவித்ததாகக் கூறப்படும் இப்பள்ளி, 1510இல் போர்த்துக்கீசியர் இட்ட தீயால் சேதமுற்றுப் பின்னர் மீண்டும் சீரமைக்கப்பட்டது. குவிமாடமும் மினாராவும் இல்லாமல், மரத்தாலான பல அடுக்குகளுடன் அது நிமிர்ந்து நிற்கிறது. தமிழகத்தின் கீழக்கரையிலோ கோயில் மண்டபத்தை ஒத்த கல்தூண்கள் பள்ளியைத் தாங்குகின்றன.

கான்கிரீட் வந்தபின் குவிமாடத்தின் தள்ளுவிசையைக் கம்பிகளே தாங்கிக்கொள்வதால், அரைக்குவிமாடமோ முட்டுச்சுவரோ இன்றி எந்தக் கூரையின் மீதும் அதை ஏற்றிவிட முடிகிறது. அதனால் அது கட்டுமானத்தின் உறுப்பு என்ற நிலையிலிருந்து அடையாளச் சின்னமாக மாறியது. பீமாபள்ளி போன்ற இடங்களில் அச்சின்னம் கம்பீரமாகவே அமைந்துள்ளது எனினும், அதே ஆர்வத்தில் ஓட்டுக்கூரைப் பள்ளிகளை இடித்துவிட்டுக் குவிமாடம் எழுப்புவது பெரும் இழப்பாகும்.

இஸ்தான்புல் செல்வோர், தொழுகை நேரங்களையும் வெள்ளிக்கிழமை நண்பகலையும் தவிர்த்து, காலணிகளைக் கழற்றி, பெண்களாயின் தலையை மூடி, சுலைமானியாவினுள் நுழையலாம். குவிமாடத்தின் நேர்கீழே நின்று நான்கு தூண்களையும் அரைக்குவிமாடங்களையும் கண்ணால் தொடர்ந்தால், பாரம் இறங்கும் வழி விளங்கும். அத்தனை தொலைவு செல்ல இயலாதவர்கள் கோழிக்கோட்டுக்கு ரயிலேறிக் குற்றிச்சிறைக் குளக்கரையில் மிஷ்கால் பள்ளியையேனும் பார்த்துவர வேண்டும்.