பெற்றோலுக்கு மாற்று: தட்டுப்பாடும் விஞ்ஞானமும்

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்குட்பட்டது. மின்சாரம் நின்றது, பெற்றோல் கிட்டுதற்கரிய பொருளாயிற்று. மக்கள் சில துளி பெற்றோலால் இயந்திரத்தைத் தொடக்கி, மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். இவற்றுக்கு உரிமைகோரத்தக்க தனியொருவர் இலர். தேவையும் கூட்டுழைப்புமே இவற்றின் தோற்றுவாய். ஆயினும் இவற்றை நாம் இலட்சியமயப்படுத்தலாகாது. மண்ணெண்ணெயும் கடல்கடந்து வந்த பொருளே, சார்புநிலை மாறவில்லை.

இப்பின்னணியிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியற் பேராசிரியர் பு. ரவிராஜனின் ஆய்வுகளை நோக்குதல் வேண்டும். தைத்தானியம் ஈரொட்சைட்டும் பல்பகுதியமும் இணைந்த கலப்புச் சூரியக்கலம் அவரது ஆய்வுப்பொருள்களுள் ஒன்று. பல்பகுதியம் ஒளியை உறிஞ்ச, விடுபடும் இலத்திரனை ஒட்சைட்டு ஏற்றுக் கடத்துகிறது, மின்னோட்டம் பிறக்கிறது. சூரியக்கலம் நேரடியாகப் பெற்றோலுக்குப் பிரதியீடன்று. அது தரும் மின்சாரம் மின்கலத்திற் சேமிக்கப்படின் வாகனத்தையும் இயக்கவல்லது.

2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி வற்றியபோது இலங்கை முழுவதுமே எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. வெயிலை எவரும் தடைசெய்ய இயலாது. ஆனால் சூரியக்கலத்தை யார் உற்பத்தி செய்வர், அது யாருக்கு உடைமையாகும் என்பன சமூக வினாக்கள். ஆய்வுகூடம் மட்டும் அவற்றுக்கு விடையளித்துவிட முடியாது என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது.